மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி எதற்கு?

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் மேற்கே பார்த்தது. நான்கடிக்கு நான்கடி. சித்திரை மாதம் மாலை ஐந்து மணிக்கு அதன் கம்பியைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்கும். திரைச்சீலையின் பின்பக்கம் அப்போதுதான் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி சுடும். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று சென்னையில் ஜன்னல் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு விளக்கைப் போட்டார். அதன் முன்னால் சாதாரணக் கண்ணாடியை வைத்து, பின்பக்கம் கையை நீட்டச் சொன்னார். சுட்டது. அடுத்து இரட்டைக் கண்ணாடியை வைத்தார். சுடவில்லை. "நடுவுல காத்து அடைச்சிருக்கு சார், அதான்" என்றார். அந்த இரட்டையில் ஒரு கண்ணாடிக்கு லேசான நீலப் பூச்சு இருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. விஷயம் முழுக்க அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

ஜன்னல் வழியாகச் சூடு இரண்டு விதமாக வருகிறது. வெளியே 38 டிகிரி, உள்ளே 28 டிகிரி என்றால் அந்த வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கசிந்து வருவது ஒன்று. வெயில் நேராகக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வருவது மற்றொன்று. இரட்டைக் கண்ணாடியின் நடுவில் உள்ள காற்று முதலாவதைப் பாதியாக்கும். இரண்டாவதை அது கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை.

எங்கள் ஜன்னலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரப்பு ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். மாலை வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி வழியே வெயிலாக வருவது சுமார் 740 வாட், கசிவாக வருவது 85 வாட். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி போட்டால் 630-ம் 42-ம். மொத்தம் 825 என்பது 672 ஆகிறது, அவ்வளவுதான். நல்ல பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி 300 வாட் பக்கம் இறக்கிவிடும். அந்தப் பெருமை பூச்சுக்கே சேர வேண்டும்.

இரட்டைக் கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. அது பிறந்த ஊர் வேறு. டொராண்டோவில் தை மாதம் வெளியே மைனஸ் 15, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 36 டிகிரி; அங்கே கசிவுதான் எதிரி. நமக்கு எதிரி வெயில். தவிர, அது மூடியிருந்தால்தான் வேலை செய்யும். சாயங்காலக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிற வீட்டில் அதற்கு என்ன வேலை?

சரி, சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். தெற்கு ஜன்னலுக்கு அது போதும். மேற்கே வெயில் சாய்ந்து வருகிறது. சித்திரையில் நாலு மணிக்கு இரண்டடி சன்ஷேடு அதற்குக் கீழே ஒன்றேகால் அடிதான் நிழல் தரும். ஐந்து மணிக்கு ஒரு சாண்கூட இல்லை.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரைச்சீலையில் விழுந்து சூடாகிவிட்டால் அந்தச் சூடு அறைக்குள்தான் சுற்றும். சிலர் உள்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒட்டுகிறார்கள். அது ஓரளவு தடுக்கும், ஆனால் அறை இருட்டாகிவிடும். வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டினால், அது ஐந்தில் நாலு பங்கு வெயிலைத் தடுத்தாலே மொத்தம் 235 வாட்டுக்கு இறங்கிவிடும். விலையுயர்ந்த பூச்சுக் கண்ணாடியைவிடக் குறைவு! ஜன்னலையும் திறந்து வைக்கலாம். பழைய சென்னை வீடுகளில் சாய்வான மரப்பட்டிகள் வைத்த ஜன்னல் கதவுகள் இதைத்தான் செய்தன. 2018-இல் வந்த குடியிருப்புக் கட்டட விதித் தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் கண்ணாடியைக் கணக்கிடும்போது வெளிப்புற நிழலுக்குத்தான் சலுகை தருகிறது. திரைச்சீலைக்குக் கிடையாது.

தட்டிக்கும் குறை உண்டு. வெளிச்சம் குறையும், தூசி அடையும், புயல் வந்தால் கழற்ற வேண்டும். வெட்டிவேர்த் தட்டி நனைத்தால் வேலூர், திருச்சி மாதிரி வறண்ட ஊரில் அருமையாகக் குளிரும். சென்னையின் புழுக்கத்தில் அந்த அளவு எடுபடாது. எட்டாவது மாடியில் தட்டி கட்டுவது ஆபத்து, குடியிருப்போர் சங்கமும் விடாது. அங்கே சன் பிலிம் ஒட்டலாம். (2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது கார் கண்ணாடிக்கு ஒட்டுவதை, வீட்டுக்கு அல்ல.) கண்ணாடியையே மாற்றுவதானால் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடி போதும். கடையில் 'எஸ்எச்ஜிசி எவ்வளவு' என்று கேளுங்கள்; கண்ணாடியில் விழும் வெயில் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதுதான் அது. 0.3 பக்கம் இருந்தால் நல்லது, 0.8 என்றால் அது வெறும் கண்ணாடி. யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் சட்டம் தூசியையும் இரைச்சலையும் குறைக்கும், வெயிலைத் தடுக்காது.

என் தீர்ப்பு இது: கை எட்டுகிற மாடியில் வெளித் தட்டி, எட்டாத மாடியில் பிலிம் அல்லது பூச்சுக் கண்ணாடி. ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற, பஸ் இரைச்சல் கேட்கிற படுக்கையறைக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடியை யோசிக்கலாம், அதுவும் பூச்சோடு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே பழைய கோரைப்பாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஐந்து மணிக்குக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்.