‘பின்’ படத்துக்குப் பிறகு

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2004இல் தொடங்கிய ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ நிகழ்ச்சியைப் பற்றி, 2025 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் மூன்று பகுதி ஆவணத் தொடர் ஒன்று வந்தது. உடல் மிகப் பருத்தவர்களைப் போட்டியாளர்களாக்கி, உணவைச் சுருக்கி, உடற்பயிற்சியில் வாட்டி, வாரந்தோறும் ஊரறியத் தராசில் ஏற்றிய நிகழ்ச்சி அது. தொடர் வந்ததும் பழைய விவாதம் கிளம்பியது. பழைய சமாதானமும் கூடவே வந்தது. குறை இருக்கட்டும், எத்தனை பேருக்கு ஊக்கம் கொடுத்தது என்று பாருங்கள் என்பதே அந்தச் சமாதானம். நம் ஊரிலும் இதைத்தான் கேட்கிறோம். ஜிம் வாசலில் தொங்கும் பதாகை, ‘90 நாள் சவால்’ விளம்பரம், இளைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன்–பின் படம் என்று எதைக் கேள்வி கேட்டாலும் ‘ஊக்கம் தருகிறதே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஊக்கம் எப்படிப்பட்டது, யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று யாரும் தொடர்ந்து கேட்பதில்லை.

அதன் பலத்தை மறுக்கவில்லை. நூற்றுப்பத்து, நூற்றிருபது கிலோ எடையோடு நிற்கும் ஒருவருக்கு முதல் தடை பசியோ சோம்பலோ அன்று. இனி இது ஆகாது என்ற நினைப்புதான். தன்னைப் போன்ற இன்னொருவர் இளைத்து நிற்கும் படம் அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைக்கும். தனியாகத் தொடங்குவதைவிடக் கூட்டாகத் தொடங்குவது எளிது என்பதும் உண்மை. நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி தோழியரை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கியதுதான் 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாக வளர்ந்தது. தேவையும் சின்னதல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். இவ்வளவு பேருக்கு யாராவது தெம்பு சொல்லத்தான் வேண்டும்.

என் மறுப்பு ஒன்றுதான், நெடுநாளாக இருப்பதும்கூட. இந்த வகை ஊக்கம் தராசு காட்டும் எண்ணை ஒருவரின் குணத்துக்குச் சான்றாக வைக்கிறது. எடை குறைந்தால் மன உறுதி உள்ளவர். குறையாவிட்டால், அல்லது திரும்ப ஏறிவிட்டால், உறுதி இல்லாதவர். ‘அவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?’ என்ற வரி எல்லா முன்–பின் படங்களுக்குக் கீழும், எழுதியோ எழுதாமலோ, இருக்கிறது. தொடங்கும் நாளில் அது தெம்பாகக் கேட்கும். ஆறாம் மாதம் அதே வரி குற்றச்சாட்டாகத் திரும்பி வரும்.

இதற்கு ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ நிகழ்ச்சியே சாட்சி. அதில் பங்கேற்ற 14 பேரை, போட்டி முடிந்து ஆறு ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் அழைத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. போட்டி முடிவில் இவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டில் அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. எடையைவிட அதிர்ச்சி தந்தது இன்னொன்று. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் கலோரி, அதே எடையும் வயதும் உள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைந்திருந்தது. ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாடு அது. எடை திரும்பிய பின்னும் அந்தக் குறைவு சரியாகவில்லை. யார் எடையை அதிகம் திரும்ப விடாமல் காத்தார்களோ அவர்கள் உடம்பில்தான் அது இன்னும் கூடுதலாக இருந்தது. எல்லோரையும்விட நன்றாகச் செய்தவர்தான் எல்லோரையும்விடக் கடினமான வாழ்க்கையை வாழ வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுக்கு முன் எடுத்த ‘பின்’ படத்தில் இது எங்கே இருக்கிறது?

பசியின் கதையும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. பசியை அடக்கும் லெப்டின் முதலிய ஹார்மோன்கள் குறைந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. பங்கேற்றவர்களும் முன்பைவிட அதிகம் பசிக்கிறது என்றே சொன்னார்கள். எடை குறைந்த உடம்பு இழந்ததை மீட்கப் பார்க்கிறது. பஞ்சத்தில் பிழைத்து வந்த உயிரின் இயல்பு அது. அந்த நேரத்தில் அவரிடம் ‘வாயைக் கட்ட முடியவில்லையா?’ என்று கேட்பது என்ன நியாயம்? அவருடைய மன உறுதி குறையவில்லை. அது தாங்க வேண்டிய பாரம் கூடிவிட்டது. இதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. தொடக்க வாரங்கள் ஊக்க வியாபாரத்துக்கு மிகவும் தோதானவை. மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பில் சேமித்திருந்த கிளைக்கோஜன் கரையும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த நீரும் போகும். முதல் வாரத்தில் மூன்று கிலோ, நான்கு கிலோ குறைவது பெரும்பாலும் இதனால்தான். ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ என்ற பதாகை இந்த நீரைக் கொழுப்பாகக் காட்டுகிறது. கல்யாண வீட்டில் ‘இளைச்சுட்டியே!’ என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ எடை நகர மறுக்கும்போது அந்தப் பாராட்டு நின்றுவிடுகிறது. சாப்பாடு அதேதான், நடையும் அதேதான். எண் மட்டும் அசையவில்லை. முதல் வாரத்தில் அதிகம் செய்யாமலே கிடைத்த பாராட்டு, உண்மையாக உழைக்கும் மாதத்தில் கிடைப்பதில்லை. அப்போது அந்த மனிதர் தன்னிடம்தான் தவறு என்று முடிவு செய்கிறார். ஊக்கம் என்ற பெயரில் அவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்ததும் அதுதானே.

அதன் பிறகு நடப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். போட்ட படம் நீக்கப்படுகிறது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவது குறைகிறது. ஜிம்மில் தெரிந்தவர்கள் கேட்பார்களே என்று ஜிம்முக்குப் போவதே நிற்கிறது. எடை கூடிய செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகவே மருத்துவரைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கண்டிப்பாகச் சொன்னால்தான் உறைக்கும் என்று வாதிடும் பெரியவர்களும் பயிற்சியாளர்களும் ஒன்றை அறிய வேண்டும். இங்கிலாந்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை நான்கு ஆண்டு கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டி ஏறியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் சற்றுக் குறைந்திருந்தார்கள். வெட்கப்படுத்தி யாரையும் இளைக்க வைத்ததாகத் தெரியவில்லை. முன்–பின் படம் வெட்கப்படுத்தவில்லையே என்பார்கள். இடதுபக்கப் படத்தைப் பாருங்கள்: தொய்ந்த தோள், மங்கிய வெளிச்சம், சிரிக்காத முகம். பருமனான உடம்பில் மகிழ்ச்சியோ தகுதியோ இருக்க முடியாது என்று அந்தப் படம் ஆணித்தரமாகச் சொல்கிறது. தொடங்கப் போகிறவர் இன்று இருப்பது அந்த இடதுபக்க உடம்பில்தான். தன்னை வெறுப்பதையே முதல் பாடமாகப் படித்துவிட்டு அவர் எத்தனை நாள் தன்னைப் பேணுவார்?

குறைத்த எடையைப் பல ஆண்டு காத்தவர்களும் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். இவர்களில் பலர் நாளுக்கு ஒரு மணி நேரம்வரை உடலுக்கு வேலை கொடுக்கிறார்கள்; தவறாமல் எடை பார்க்கிறார்கள்; ஆண்டுக் கணக்கில் அதையே செய்கிறார்கள். பளிச்சென்று படம் எடுக்க இதில் ஒன்றுமில்லை. சர்க்கரை நோயுள்ள 5,145 பேரைக் கொண்ட ‘லுக் அஹெட்’ ஆய்விலும் இதையே பார்க்கிறோம். தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் முதல் ஆண்டில் 8.6 விழுக்காடு எடை குறைத்தார்கள். எட்டாம் ஆண்டிலும் அவர்களில் பாதிப்பேர் தொடக்க எடையைவிடக் குறைந்தது 5 விழுக்காடு கீழேயே இருந்தார்கள். அந்த எட்டு ஆண்டும் அவர்களைக் கூப்பிட்டுப் பேச ஆள் இருந்தது. ஊக்கம் என்பதற்கு நான் காணும் பொருள் அதுதான்.

அதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு உணவு முறையும் நாளுக்கு அரை மணி நேர நடையும் சொல்லித் தரப்பட்டன. மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்கள். மூன்று ஆண்டில், இப்படிச் சொல்லித் தராத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, சொல்லித் தந்த பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. ஆனால் இவர்கள் எடை குறிப்பிடும்படிக் குறையவே இல்லை. 2013இல் அதே குழுவினர் 537 ஆண்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது; பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு.

முன்–பின் படத்தின் கணக்கில் இவர்கள் அத்தனை பேரும் தோற்றவர்கள். காட்ட ஒரு படம்கூட இல்லை. கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடாமல் தப்பியவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல வைக்கும் அளவுகோலை எதற்கு வைத்திருக்கிறோம்?

இப்போது ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. மவுஞ்சாரோவும் வெகோவியும் 2025இல் இந்தியாவுக்கு வந்தன. பசி அடங்கியதும் அதே மனிதர், அதே குணத்தோடு, எடை குறைகிறார். வெகோவியின் மூலமருந்தான செமாகுளுடைட் ஊசியை நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது. குணம்தான் காரணமென்றால் ஊசி போட்ட வாரத்தில் வந்து, நிறுத்திய மாதத்தில் போய்விடும் குணம் எது? இவ்வளவு தெளிவான பிறகும் ஊசி போட்டு இளைத்தவரைக் ‘குறுக்கு வழி’ என்று ஏசுகிறோம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை யாரும் அப்படி ஏசுவதில்லை. எடையை ஒழுக்கத்தின் அளவாக வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

பெரிய எடையைக் குறைக்கத் தொடங்கும் ஒருவருக்கு உண்மையைச் சொல்வதுதான் முதல் ஊக்கம். முதல் வாரக் குறைவை நம்ப வேண்டாம் என்றும், சில மாதத்தில் எண் நிற்கும், அது உங்கள் தவறல்ல என்றும், பசி கூடும், அது பலவீனம் அல்ல என்றும் தொடங்கும்போதே சொல்ல வேண்டும். நூறு கிலோவில் ஐந்து கிலோ குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மாடிப்படி, முழங்கால் வலி, இரவுத் தூக்கம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்க, எத்தனை கிலோ என்று மட்டும் கேட்பதை விட வேண்டும்.

இதைச் சொன்னால் பலர் தொடங்கவே மாட்டார்கள் என்கிறார்கள் முன்–பின் படத்தைத் தாங்குகிறவர்கள். நான் அதை ஏற்கவில்லை. பொய்யான நம்பிக்கையில் தொடங்கியவர் ஒருமுறை விழுந்தால், அடுத்த முறை எழ இரு மடங்கு தெம்பு வேண்டும். மூன்றாம் முறை அவர் எழுவதே இல்லை. இப்படி ஒருவரை நான்கைந்து முறை தொடங்க வைத்து ஒவ்வொரு முறையும் கட்டணம் வாங்கும் தொழிலுக்கு ஊக்கம் என்று பெயர் வைக்க நான் ஒப்பமாட்டேன். எண் நின்ற மாதத்திலும், திரும்ப ஏறிய ஆண்டிலும், முதல் நாள் இருந்த அதே மதிப்போடு கூட இருப்பவர் மட்டுமே தொடங்குகிறவருக்கு ஊக்கம் சொல்லும் உரிமை பெற்றவர். அதற்கு மனமில்லாதவர்கள் பாராட்டாமலே இருந்துவிடட்டும்.