வஜ்ஜிரம் செதுக்கும் கண்ணாடி: வீட்டுப் பட்டறை எதுவரை போகலாம்?

கண்ணாடியில் பூவேலை செய்ய உளியும் அமிலமும்தான் வேண்டும் என்றில்லை. ஒரு காலத்தில் ஆசாரிமார் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரமே போதும். சொரசொரப்பாக்கிய கண்ணாடிமேல் காய்ச்சிய வஜ்ஜிரத்தைப் பூசி உலரவிட்டால், அது சுருங்கும்போது கண்ணாடியின் மேல்பரப்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்துக்கொண்டு எழும்பிவிடும். பெயர்ந்த இடத்தில் பெரணி இலைகள் படர்ந்தாற்போல ஒரு கோலம் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கதவுகளிலும் கடைப் பெயர்ப்பலகைகளிலும் செல்வாக்கோடு இருந்த வேலை இது. இடையில் மங்கிப்போனதைச் சிலர் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். ஜான் மேயரின் 2012ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு அட்டை வரைந்த இங்கிலாந்துக் கலைஞர் டேவிட் ஸ்மித் அவர்களில் ஒருவர்.

இதை வீட்டு மொட்டைமாடியிலேயே செய்துவிடலாம் என்ற ஆர்வம் இப்போது பரவிவருகிறது. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முழுப் பட்டறையையும் வீட்டுக்குள் கொண்டுவருவது தவறு என்பதே என் முடிவு. பசை வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூசி வேலையை அதற்குரிய இடத்தில் விட்டுவிடுங்கள். பெங்களூரின் பிரேசர் டவுனை முன்வைத்து இதை எடைபோடலாம்.

முதலில் நல்ல பக்கம். இந்தக் கலைக்குச் செலவு குறைவு. 6 எம்.எம். கண்ணாடித் துண்டு, வஜ்ஜிரம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு பாத்திரங்கள், ஒரு வெப்பமானி, ஒரு தூரிகை. பசைக்கு இவ்வளவுதான். ஒரு பங்கு வஜ்ஜிரத்துக்கு எடையில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் அது உப்பித் துவண்டிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும். "கொதிக்க விட்டா வஜ்ஜிரம் செத்துடும் தம்பி" என்று பழைய ஆசாரிகள் சொல்வது முழு உண்மை. வஜ்ஜிரம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. சூடு மிஞ்சினால் அந்தப் புரத இழைகள் துண்டாகிவிடும். இழுக்கும் வலு போய்விடும். எலும்பிலிருந்து எடுப்பதைவிடத் தோலிலிருந்து எடுப்பதற்குப் பொதுவாக வலு அதிகம்.

1959இல் ஃபெவிகால் வந்த பிறகு ஆசாரிமார் அடுப்பில் வஜ்ஜிரம் காய்ச்சும் வேலை மெல்ல மறைந்தது. மரத்தை ஒட்ட ஃபெவிகால் வசதியானதுதான். ஆனால் அது காய்ந்தபின்னும் வளைந்து கொடுக்கும், கண்ணாடியைப் பெயர்க்காது. வஜ்ஜிரம் காயக் காய விறைக்கும், சுருங்கும், ஆனாலும் பிடியை விடாது. கண்ணாடியோ அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இந்த இரண்டு குணங்களும் சந்திக்கும் இடத்தில்தான் கோலம் பிறக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏட்டில் படித்த பொருளறிவியலைக் கையால் தொட்டு உணர இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது நன்மை பெங்களூரின் காற்று. பூசிய வஜ்ஜிரம் முதலில் குளிர்ந்து ஜெல்லியாக உறைய வேண்டும். பிறகு மெதுவாக உலர வேண்டும். கடைசியில் நல்ல வறட்சி வேண்டும். கோடைச் சென்னையில் பகல் வெப்பம் 38, 40 டிகிரிக்குப் போகும்போது பசை உறையாமல் வழியும். கடற்காற்றின் ஈரத்தில் கடைசிக் கட்ட உலர்ச்சியும் தாமதமாகும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு குளிர்கிறது, பகல் வறள்கிறது. பசைக்கு வேண்டிய இரண்டையும் வானமே கொடுத்துவிடுகிறது. அதே ஊரில் ஜூலை, ஆகஸ்டில் பூசினால் பசை நாள்கணக்கில் ரப்பர்போலக் கிடக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

உலர்த்தும் பெட்டி ஒன்று செய்துகொண்டால் இந்தக் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டலாம். வீட்டுப் பட்டறையில் காசு போட வேண்டியது இதில்தான். பழைய ஸ்டீல் பீரோ போதும். அடியில் இரண்டு குண்டு பல்புகள், ஒரு சின்ன விசிறி, மேலே ஈரக்காற்று வெளியேற ஒரு துளை, கதவில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் கருவி. முதல் நாள் சூடு காட்டாமல் விட்டு, மறுநாள் 35 முதல் 40 டிகிரிக்குள் வைத்தால் போதும். சூட்டுக்கு அவசரப்பட்டால் உறைந்த பசை மறுபடி உருகிவிடும். பல்புகளுக்குக் கம்பிவலை மூடி அவசியம். தெறிக்கும் சில்லு பட்டால் பல்பு உடையும். பீரோ இரும்பு என்பதால் எர்த் கொடுக்காமல் மின்சாரம் தரக் கூடாது.

உலர்ச்சியின் கடைசிக் கட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தேன்நிறத்தில் பளபளத்த பசையின் விளிம்பு முதலில் வெளுக்கிறது. பிறகு ஓர் ஓரம் சுருண்டு எழும்புகிறது. "டிக்" என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. விழுந்த பசைத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் வயிற்றில் மெல்லிய கண்ணாடி ஏடு ஒட்டியிருக்கும். அதன் விளிம்பு பிளேடைவிடக் கூர்மை. கண்கவசம் போடாமல் பெட்டியின் கதவைத் திறக்கவே கூடாது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் தூசி. வஜ்ஜிரம் வழுவழுப்பான கண்ணாடியை ஒழுங்காகப் பிடிக்காது. அமிலப் பசை தடவி மங்கலாக்கிய பரப்பிலும் பிடிப்பு பெரும்பாலும் போதாது. மணல்வீச்சு, அதாவது சாண்ட் பிளாஸ்டிங், செய்தாக வேண்டும். வீட்டுப் பட்டறைக்காரர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கி, அட்டைப்பெட்டியில் கையுறை பொருத்தி, ஆற்றுமணலைச் சலித்து வீசுகிறார்கள். ஆற்றுமணல் பொடியாகும்போது கிளம்பும் படிகச் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸை உண்டாக்கும். அந்த நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. மொட்டைமாடிக்கு அப்படிப்பட்ட சட்டம் வராது. ஆனால் நோய் வரும். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது.

பிரேசர் டவுன் 1898ஆம் ஆண்டு பிளேக்குக்குப் பிறகு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திட்டமிட்டு எழுப்பப்பட்ட பகுதி. இன்றோ தோட்டத்தோடு கூடிய பங்களாக்கள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. மாடிக்கு மாடி கைக்கெட்டும் தூரம். நம் தூசி பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய்ப் படியும். அதனால் மணல்வீச்சை வீட்டில் செய்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பூஜை அறைக் கதவுக் கண்ணாடியில் பிள்ளையாரையும் லட்சுமியையும் மணல்வீச்சால் செதுக்கித் தரும் பட்டறைகள் பெங்களூரில் இருக்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டி எழுத்து வெட்டியதும் கண்ணாடியை அங்கே கொடுத்து வாங்குவதே அறிவு. அவர்களிடமும் ஆற்றுமணல் வேண்டாம், அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள் வேண்டும் என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவருக்கும் நுரையீரல் உண்டு. சிறு துண்டுகளுக்கு இன்னொரு வழி, சிலிக்கன் கார்பைடு தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையால் தேய்ப்பது. நேரம் பிடிக்கும், ஈரத்தில் தூசி எழாது.

இரண்டாவது குறை கண்ணாடியின் வலு. பெயர்த்தெடுத்த பரப்பு முழுக்க நுண்ணிய காயங்கள்தாம். அந்தப் பலகை முன்னிருந்ததைவிடப் பலவீனம். பழைய பங்களாக்களை இடிக்கும்போது கிடைக்கும் ஜன்னல் கண்ணாடியில் செய்துபார்க்கப் பலருக்கு ஆசை. அவற்றில் பல 3 எம்.எம். அளவே இருக்கும், பசையின் இழுப்பில் பலகையே விரியும். டஃபன்டு கண்ணாடியிலும் செய்யக் கூடாது. பரப்பைக் குத்தினால் அது முழுதாக நொறுங்கக்கூடியது. குழந்தைகள் மோதக்கூடிய கதவிலும் குளியலறைத் தடுப்பிலும் இந்தக் கண்ணாடியை அப்படியே பொருத்துவது பொறுப்பில்லாத செயல். பெயர்ப்பலகை, விளக்கு மறைப்பு, எட்டாத உயரத்தில் வென்டிலேட்டர் ஆகியவையே அதற்கு ஏற்ற இடங்கள்.

மூன்றாவது, கழிவு. பெயர்ந்து விழும் பசையை மறுபடி காய்ச்சிப் பயன்படுத்த முடியாது; அதில் கண்ணாடி கலந்திருக்கிறது. குப்பையில் கொட்டினால் தெருநாய் தோல் வாசனைக்கு வந்து தின்னும். குப்பை எடுக்கக் காலையில் வரும் பௌரகார்மிகரின் கை கிழியும். கெட்டியான டப்பாவில் மூடி, மேலே கண்ணாடி என்று கன்னடத்தில் எழுதிக் கையில் கொடுப்பது நம் கடமை. விலங்கின் தோலிலிருந்து வந்த பசை அடுப்பில் காய்வதைச் சில வீடுகள் ஏற்காது என்பதையும் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும்.

கோலத்தை நம் விருப்பப்படி நடத்த முடியாது என்பதையும் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பசையின் கனம், உலரும் வேகம், எழுத்தின் எல்லை மூன்றும் நம் கையில் இருக்கின்றன. தடிப்பாகப் பூசினால் பெரிய இலை, மெல்லியதாகப் பூசினால் சிறு இலை. இரண்டாம் முறை பூசினால் கோலம் அடர்ந்து நுணுகும். மீதியைப் பொருளுக்கு விட்டுக்கொடுப்பதில்தான் இந்த வேலையின் அழகு. அச்சு உருளையில் வார்த்த பூக்கண்ணாடியில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். இதில் இரண்டு அங்குலம்கூட ஒன்றுபோல் இராது.

ஆகவே இந்தக் கலையை வீட்டில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பிப்ரவரியில், உள்ளங்கை அகலத் துண்டுகளில், கடையில் மணல்வீச்சு முடித்து வாங்கிய 6 எம்.எம். கண்ணாடியில் தொடங்குங்கள். கம்ப்ரஸருக்கு வைத்திருந்த பணத்தை உலர்த்தும் பெட்டிக்கும் நல்ல கண்கவசத்துக்கும் செலவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்தால்தான் கைவேலை என்று யாரும் விதிக்கவில்லை. பானைக்கு மண் மிதித்தவர் ஒருவர், வனைந்தவர் ஒருவர், சூளை பார்த்தவர் ஒருவர் என்று வேலையைப் பகிர்ந்தே நம் கைத்தொழில்கள் வளர்ந்தன. அந்தப் பகிர்வை ஏற்கும் வீட்டுப் பட்டறையே நீடிக்கும். அதில் வேலை செய்பவரும் நலமாக இருப்பார்.