இரண்டு தட்டில் ஒரு நகரம்

மேசைமேல் கையை வைத்து, "தகிட தகதகிட" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மூன்றும் ஐந்துமாக எட்டு எண்ணிக்கை, தட்டு இரண்டுதான். 1923இல் நியூயார்க் மேடையேறி உலகையே ஆடவைத்த ‘சார்ல்ஸ்டன்’ பாட்டின் உயிர் இந்த இரண்டு தட்டுக்குள் இருக்கிறது. ஊர்ப்பெயரின் இரண்டு அசைகளும் இவற்றின் மேல்தான் வந்து உட்காருகின்றன. முதல் தட்டு எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் விழும். இரண்டாவது தட்டு, அடுத்த காலடிக்கு ஒரு எண்ணிக்கை முந்திக்கொள்ளும். ஆடுகிறவரின் முழங்கால் துள்ளுவது அந்த முந்தலில்தான். இந்தப் பாட்டை எந்தப் பாணியில் யார் வாசித்தாலும், அந்த இரண்டாம் தட்டை என்ன செய்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

தட்டின் பிறப்பிடம் தென் கரோலினாவின் கடற்கரை. 1739இல் அங்கே ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் அவர்களுடைய முரசுக்கும் கொம்புக்கும் தடை போட்டது. பறிபோன முரசின் வேலையைக் கையும் காலும் ஏற்றுக்கொண்டன. வட்டமாக நின்று, பாதத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்து, கைதட்டிப் பாடும் ‘ரிங் ஷவுட்’ என்ற வழிபாட்டு ஆட்டம், ‘கல்லா’ (Gullah) எனப்படும் அந்தக் கடற்கரைக் கறுப்பின மக்களிடம் தலைமுறை தலைமுறையாக நின்றது. சார்ல்ஸ்டன் நகரில் 1891இல் தொடங்கிய ஜென்கின்ஸ் அநாதை இல்லத்தின் சிறுவர் பேண்டு வாத்தியங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் கவுண்ட் பேஸி குழுவின் கிதார்க்காரராக நிலைபெற்ற ஃபிரெடி கிரீன் அந்தப் பேண்டோடு தொடர்புடையவர்.

அங்கிருந்து நியூயார்க்கின் மேற்குப் பகுதிக்கு வருவோம். 62ஆம் தெருவில் ‘ஜங்கிள்ஸ் கசீனோ’ என்றொரு கூடம். கறுப்பர் நடனக்கூடத்துக்கு உரிமம் கிடைப்பது கடினம் என்பதால் பலகையில் நடனப் பள்ளி என்று எழுதிக்கொண்டார்கள். 1913இல் அங்கே பியானோ வாசித்த ஜேம்ஸ் பி. ஜான்சனுக்கு வயது பத்தொன்பது. ஆட வந்தவர்களில் பலர் சார்ல்ஸ்டன் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர்கள். அவர்கள் ஊர் ஆட்டத்தை ஆட, கால் போன வழியே இவருடைய விரல்களும் போயின. அப்படி அங்கே அமைந்த சார்ல்ஸ்டன் மெட்டுகள் எட்டு என்று பின்னாளில் அவரே சொன்னார். உலகம் அறிந்தது அதில் ஒன்று. மற்ற ஏழும் அந்தக் கூடத்தோடு போய்விட்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இந்த வாசிப்பு முறைக்கு ‘ஸ்ட்ரைட்’ என்று பெயர். இடக்கை அடிச்சுரத்தை ஒரு தட்டில் தொட்டு, மறு தட்டில் கீபோர்டின் நடுவுக்குத் தாவிக் கூட்டுச்சுரத்தைப் பிடிக்கும். பெண்டுலம்போல் இது ஓயாமல் நடந்தால்தான் வலக்கை தைரியமாக முந்தவும் பிந்தவும் முடியும். இடக்கை தடுமாறினால் இரண்டாம் தட்டு வெறும் அவசரமாகிவிடும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒருவருடைய தரத்தைப் பார்க்க, ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’ உருப்படியை வாசிக்கச் சொல்வார்கள். டியூக் எலிங்டன் இளைஞராக இருந்தபோது அதன் பியானோ சுருளைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தானாக அமிழும் கட்டைகளில் தன் விரல்களை வைத்துப் பழகினார். ஃபேட்ஸ் வாலர் ஜான்சனிடமே நேரில் கற்றவர்.

1923 அக்டோபர் 29. நியூ கலோனியல் அரங்கில் ‘ரன்னின் வைல்ட்’ என்ற கறுப்பர் இசை நாடகம் அரங்கேறியது. ஜான்சன் மெட்டுக்குச் செசில் மாக் சொல் கொடுத்திருந்தார். எலிசபெத் வெல்ச் பாடினார். வாத்தியக் குழு இருந்தும் அதை மட்டும் நம்பாமல், ஆட்டக் குழுவினர் கைதட்டியும் காலால் தரையை அடித்தும் தாளத்தைத் தாங்கினார்கள் என்று எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் தம் ‘பிளாக் மன்ஹாட்டன்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். 1740ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கைகள் சொன்ன அதே பதில் பிராட்வே மேடையில் கேட்டது. இந்தப் பாட்டின் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பெரிய இரவு கிடையாது.

அதன் பிறகு பாட்டு பல கைக்குப் போனது. ஆர்தர் கிப்ஸ் குழு அதே ஆண்டில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தது. 1925இல் பால் வைட்மனின் பெரிய வெள்ளையர் இசைக்குழு பதிவு செய்தது. வாசிப்பு மிகச் சுத்தம், ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் என் காதுக்கு அதில் இரண்டாம் தட்டு எழுதிவைத்த இடத்தில் சரியாக உட்கார்ந்துவிடுகிறது, துள்ளவில்லை. ஜார்ஜ் கெர்ஷ்வின் அதே ஆண்டு தம் எஃப் சுருதி பியானோ கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் இந்தத் தாளத்தை எடுத்தாண்டார். தாளத்தைப் புரிந்து எடுத்த கை அது. நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் பாரிஸில் சார்ல்ஸ்டன் ஆட்டத்தை ஆடிப் புகழடைந்ததும் 1925இல்தான்.

அந்த ஆண்டிலேயே ஒரு கெட்ட செய்தியும் வந்தது. ஜூலை 4 அதிகாலையில் பாஸ்டனின் பிக்விக் கிளப் இடிந்து 44 பேர் இறந்தார்கள். சார்ல்ஸ்டன் ஆடிய அதிர்வில்தான் இடிந்தது என்று பேச்சுப் பரவி, சில ஊர்களில் பொது நடனக்கூடங்களில் அந்த ஆட்டத்துக்குத் தடையே வந்தது. முன்பே தீவிபத்தில் பலமிழந்த கட்டடம் அது. பக்கத்து மனையில் பள்ளமும் தோண்டியிருந்தார்கள். பழியை மட்டும் ஆட்டம் சுமந்தது.

1926இல் திறந்த ஹார்லெமின் சவாய் நடனக்கூடத்தில் சார்ல்ஸ்டன் அடவு ‘லிண்டி ஹாப்’ ஆட்டத்துக்குள் கலந்தது. இன்றும் லிண்டி ஆடுகிறவர்கள் அதைத் தனி அடவாகப் பயில்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் சிலர் வாத்தியம் இல்லாமல், கைதட்டிக் காட்டித் தொடங்குவதுண்டு.

ஜான்சன் 1955இல் மறைந்தார். குயின்ஸ் பகுதியின் மாஸ்பெத்தில் உள்ள அவருடைய சமாதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர்க்கல் இல்லாமல் இருந்தது. கல் வந்த கதை ஒரு பழைய வழக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஜான்சன் வாசித்த காலத்து ஹார்லெமில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் ஒரு பியானோக்காரரை அழைத்து, வருகிறவர்களிடம் காசு வாங்கி விடியவிடிய ஆட்டம் நடத்துவார்கள். ஜான்சன் இப்படி எத்தனையோ வீடுகளில் வாசித்தவர். 2009 அக்டோபரில் நியூயார்க் பியானோ கலைஞர்கள் அவருடைய ‘கடைசி வாடகை விருந்து’ என்று பெயர் வைத்து ஒரு கச்சேரி நடத்தினார்கள். அதில் வந்த பணத்தில் கல் நட்டார்கள்.