எழுபது வளைவும் ஒரு ஸ்பிரிங்கும்

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' (2019) பார்த்தீர்களா? எனக்குப் பிடித்தது அதன் ரேஸ் இல்லை. கென் மைல்ஸாக வரும் கிறிஸ்டியன் பேல், புதுக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, வேகம் ஏறினால் முன்பக்கம் தூக்குகிறது, ஸ்டீயரிங் தளர்கிறது என்று குறைகளை அடுக்குவாரே... அந்த ஒரு நிமிஷம்தான். காரின் பேச்சை உடம்பால் கேட்கிற மனுஷன்!

அப்புறம் இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்டு கம்பெனி அரசியலுக்குள் போய்விடுகிறார். எனக்கு அதில்தான் வருத்தம். 1966-ல் அந்தக் கார் ஜெயித்த லு மான் பாதையில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஊர்ஜனம் போய் வருகிற சாலை. ரேஸ் காரும் ரோட்டுக்குப் பணிந்துதான் ஆக வேண்டும். இதை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

படம் பார்த்த சேந்தமங்கலத்துத் தம்பி ஒருவன், ஸ்பிரிங்கை வெட்டித் தன் காரைத் தாழ்த்திவிட்டான். ட்ராக்கில் இறுக்கம் சரி, தரை மழமழவென்று இருக்கும். காரவள்ளி தாண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்? பள்ளம் வந்தால் சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு ஏது பிடி? ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேணும். லாரிக்குப் பட்டை மாட்டுகிற நம்மூர் மெக்கானிக்கைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார். தம்பி கேட்டது யூடியூபை.

பதினோராவது வளைவில் இறங்கி வாந்தி எடுத்தது நான்.