இரண்டு மைக்கும் ஒரு மண்டபமும்

மலேசியாவின் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கட்டத்தான் நம் பேண்டுப் பையன்களிடம் காசு இருப்பதில்லை. கல்யாண மண்டபத்திலோ பாலாய் ராயா என்னும் சமூகக் கூடத்திலோ வாசிப்பதை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்பதில் எனக்கு ஒரு பித்து உண்டு.

பலரும் மிக்சரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து ரெக்கார்டரில் செருகிவிடுவார்கள். பதிவு சுத்தமாக இருக்கும், பேண்டுதான் இருக்காது. சின்ன மண்டபத்தில் டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை. கிட்டார் ஆம்ப் தன் சத்தத்திலேயே கூடத்தை நிறைத்துவிடும். ஒலிபெருக்கி வேண்டியது பாடகருக்கும் கீபோர்டுக்கும். மிக்சருக்குள் போகாதது பதிவுக்குள் எப்படி வரும்? முன்வரிசையில் இருந்தவர் நெஞ்சில் அதிர்ந்த டிரம்ஸ், மறுநாள் கேட்டால் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும்.

விவரம் தெரிந்தவர் கூடத்தையும் சேர்த்துப் பிடிப்பார். தலைகளுக்கு மேலே ஒரு தாங்கியில் இரண்டு மைக். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் முறையில் இரண்டுக்கும் இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 பாகை. மிக்சர் தடத்தைப் பிறகு அளவாகக் கலந்தால் பாட்டு வரிகளும் தெளியும். ஒரு நுணுக்கம் உண்டு: பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு ஒலி போய்ச் சேர ஏறக்குறைய 29 மில்லிவினாடி ஆகும். மிக்சர் தடத்தை அந்த அளவு பின்தள்ளாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்தது போலக் கேட்கும்.

உறுமி மேளம் இதைவிடக் கடினம். கோவில் வாசலில் அதற்கு மிக்சர் ஏது? வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்க்கும்போது கிளம்பும் அந்த உறுமல்தான் அதன் உயிர். கைப்பேசி அதைத்தான் முதலில் கொல்கிறது. சத்தம் கூடினால் தானே அடக்கிக்கொள்வதும் குறைந்தால் தானே ஏற்றிக்கொள்வதும் அதன் பழக்கம். பெரிய அடி ஒன்று விழுந்ததும் தேய்ப்பொலி தரையோடு போய்விடும். அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு, உச்ச அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் கையால் வைக்க வேண்டும். 24 பிட் பதிவில் அவ்வளவு இடம் விட்டாலும் மெல்லிய ஒலி இரைச்சலில் மூழ்காது.

ஓரிரு மைக்கில் சமாளிக்கும் இந்தச் சிக்கனம் புதிதல்ல. 1925இல் மின்மைக் வரும்வரை இசைத்தட்டுகள் ஒற்றைப் புனலைப் பார்த்தே பாடப்பட்டன. மெல்லிய குரல் புனலுக்குள் குனியும். உரத்த வாத்தியம் சுவரோரம் போகும். ஆட்களை நகர்த்துவதுதான் அன்றைய மிக்சிங்.

அந்த வித்தையின் சிகரமாக நான் வைப்பது ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பத்தை. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், 1992இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் பதிவு செய்தது. ரை கூடரின் கிட்டார், விஸ்வமோகன் பட்டின் மோகன வீணை, சுக்விந்தர் சிங்கின் தபலா, கூடரின் மகன் யோவாகிம் வாசித்த தும்பக். மைக் இரண்டே இரண்டு, ஆலன் புளூம்லைன் 1930களில் வகுத்த முறையில். மைக்குகள் மலிவானவை அல்லதான். ஆனால் எண்ணிக்கையில் அவ்வளவே. கண்ணை மூடிக் கேட்டால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். மறு ஆண்டு வெளிவந்து கிராமி விருதும் வாங்கியது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அந்த விரல் நீட்டல். எங்கள் வட்டாரப் பதிவுகளையும் நான் அப்படித்தான் சோதிக்கிறேன். உறுமிக்காரர் இடப்பக்கம் நிற்கிறாரா, சுருதி விலகிய கோரஸ் யாருடையது என்று தெரிகிறதா? இரண்டு மைக்கில் எடுத்ததை வீட்டுக்குப் போய்த் திருத்த வழியில்லை. டிரம்ஸ் முந்தினால் முந்தியதுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆகவே நல்ல பதிவாளர் குமிழைத் தொடுமுன் டிரம்மரிடம் போய், “தம்பி, கொஞ்சம் பின்னால போய் உட்காருப்பா” என்பார். அதற்கு டிரம்மரைச் சம்மதிக்க வைப்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத தனி வித்தை.