ஓவியத்தின் அளவுகோலும் மட்கலமும்: ‘அதர் மாஸ்டர்ஸ்’ கண்காட்சியை முன்வைத்து

புதுதில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஜோதீந்திர ஜெயின் 1998ஆம் ஆண்டு அமைத்த ‘அதர் மாஸ்டர்ஸ்’ கண்காட்சி ஐந்து வட்டாரக் கலைஞர்களைப் பெயர் சுட்டி முன்னிறுத்தியது. மிதிலையின் கங்கா தேவி, மராட்டியத்து வார்லி மரபினரான ஜிவ்யா சோமா மாஷே, மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு மரபினரான ஜங்கர் சிங் ஷியாம் ஆகிய மூவரும் ஓவியர்கள். சர்குஜாப் பகுதியைச் சேர்ந்த சோனாபாய் சுடாத மண்ணால் புடைப்புருவங்கள் செய்தவர். மணிப்பூரின் நீலமணி தேவி மட்கலம் வனைபவர். ‘நாட்டார் கலை’, ‘பழங்குடிக் கலை’ என்னும் தொகைப் பெயர்களுக்குள் மறைந்து கிடந்தவர்களைத் தனித்த படைப்பாளிகளாகக் காணச் செய்தது இக்கண்காட்சியின் பெரும்பணி. அதனை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயின், ஐவரையும் ‘மாஸ்டர்’ என்ற ஒரே தகுதிப் பெயரால் அது அளந்தது. அந்த அளவுகோல் ஓவியத்திலிருந்து பெறப்பட்டது. மண்ணின் மேல் அதனை வைக்கும்போது அளவை பிறழ்கிறது.

ஓவியர் மூவரிடத்தும் அது இயல்பாகவே பொருந்திவிடுகிறது. மணமக்களுக்குரிய கோபர் அறையின் சுவரில் வரையப்பட்ட மிதிலைக் கோடுகள் தாளுக்கு இடம்பெயர்ந்தபோது, சடங்கு வரையறுத்த பொருளிலிருந்தும் அவை விடுதலை பெற்றன. 1985ஆம் ஆண்டு இந்திய விழாவை ஒட்டி அமெரிக்கா சென்ற கங்கா தேவி, வாஷிங்டன் நினைவுத்தூணையும் ரோலர் கோஸ்டரையும் அதே கோட்டு முறையில் வரைந்தார். பின்னர்த் தம்மைப் பீடித்த புற்றுநோயையும் மருத்துவமனையையும் வரிசை ஓவியங்களாக்கினார். வார்லிப் பெண்கள் திருமணச் சடங்கின்பொருட்டுச் சுவரில் தீட்டி வந்ததை மாஷே நாள்தோறும் தாளில் வரையும் தொழிலாக மாற்றினார். ஜங்கர் சிங் ஷியாமுக்கு ஜெ. சுவாமிநாதன் வழிநடத்திய போபால் பாரத் பவன் புதிய வண்ணங்களையும் புதிய பார்வையாளரையும் தந்தது. மூவரிடமும் மரபிலிருந்து விலகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்விலகலையே கண்காட்சி மேதைமை என்று வாசித்தது.

சோனாபாய் மண்ணில் பணியாற்றியவர் எனினும், இந்த வாசிப்புக்குத் தடையேதும் ஏற்படவில்லை. கணவரால் பல ஆண்டுகள் வீட்டினுள்ளேயே அடைபட்டிருந்த அவர், மூங்கில் சட்டங்களின்மேல் மண் அப்பிச் சாளரத் தட்டிகளும் பறவைகளும் மனித உருவங்களும் சமைத்தார். தனிமையில் தானே முகிழ்த்த கலைஞர் என்னும் கதை நவீன ஓவிய விமரிசனத்துக்கு மிகவும் பழகிய கதை. ஆனால் அவருடைய படைப்பு வீடுதான். தட்டியின் துளை வழியே முற்றத்து வெயில் உள்ளே விழும்போதே அது முழுமை பெறுகிறது. கூடத்தின் மின்விளக்கின்கீழ் அத்தட்டி ஒரு சித்திரமாகச் சுருங்கிவிடுகிறது.

சிக்கல் நீலமணி தேவியிடம் முற்றுகிறது. சக்கரமின்றிக் கையால் கலம் வனையும் மணிப்பூர்ப் பெண்களின் மரபில் வந்தவர் அவர். அம்மரபில் திறம் என்பது விலகல் அன்று. நூறாவது கலத்தின் சுவரும் முதற் கலத்தின் சுவரைப் போலவே சீரான கனத்தில் எழுவதும், சூளையில் வெடிக்காமல் மீள்வதுமே திறம். திரும்பச் செய்தலில் விளையும் இந்தத் தேர்ச்சியைச் சொல்ல ஓவிய விமரிசனத்திடம் சொல் இல்லை. அதனால், கங்கா தேவியின் வரிசை ஓவியங்களில் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் கண்ணுக்கு நீலமணி தேவியின் கலம் ஊமையாகத் தோன்றுகிறது. குறை கலத்தினுடையது அன்று.

ஐவரில் தமிழர் எவரும் இலர். எனினும், இக்கண்காட்சி விட்டுச்சென்ற வினாவுக்குத் தமிழ்ச் சான்றுகள் தரும் விடை தனித்துக் கருதத்தக்கது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் கலம் செய்வோரைக் ‘கோ’ என விளித்துத் தாழி கேட்கின்றன. முன்னது மறைந்த கிள்ளிவளவனின் பெருமை அடங்குமாறு வனைய இயலுமா என வினவுகிறது. பின்னதில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். இரண்டிடத்தும் கொள்ளளவே திறத்தின் அளவு. கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் பெயரோ ஊரையும் தொழிலையும் மட்டுமே தருகிறது. இயற்பெயரை முதலில் எழுதும் கண்காட்சிச் சீட்டு விட்டுவிடுகிற இரண்டு செய்திகளும் அவையே.

மானாமதுரைக் கடம் இன்னொரு சான்று. வனைந்த பானையை ஈரம் உலரும் பருவத்தில் மீண்டும் மீண்டும் தட்டி இறுக்கி, சுருதி நோக்கிச் சுட்டெடுக்கின்றனர். கடம் செய்பவரான மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தபோது மண்ணின் தேர்ச்சியைச் செவி அளந்தது. காட்சிக் கலைக்குரிய அமைப்பு எதுவும் அப்பணியைச் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதால் தனிமனிதப் பெயர் இங்கும் ஏற்புப் பெற்றுவிட்டது. ஆகவே, பெயர் சூட்டலோடு விமரிசனத்தின் பணி முடிந்துவிடவில்லை. எதனால் அளப்பது என்ற வினா அதன்பின்னும் எஞ்சுகிறது.

புரவி எடுப்பில் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் ஐயனார் குதிரையைத் தொடங்குகிறார். எடுப்பு முடிந்ததும் புதிய குதிரை பழைய குதிரைகளின் அருகே நிற்கிறது. பழையன மழையில் கரைந்தும் உடைந்தும் மண்ணோடு சேர்கின்றன. அவற்றைச் செப்பனிட எவரும் முயல்வதில்லை. அருங்காட்சியகத்துக்கு வரும் குதிரையோ இச்சுழற்சியிலிருந்து பிடுங்கப்பட்ட ஒன்று. ‘சுடுமண், தமிழ்நாடு’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு, மண் கொடுத்த ஊர், நேர்ந்துகொண்டோர், வனைந்த குடும்பம், சூளை ஆகியவற்றுள் ஒன்றையும் உரைப்பதில்லை. வேளார் பெயரைச் சேர்ப்பது கட்டாயக் கடமை. ஆனால் அப்பெயரை மட்டும் சேர்த்தால், ஊரார் கூடிச் செய்வித்த ஒன்று கையொப்பமிட்ட சிற்பமாக மாறிவிடும் இடர் உண்டு.

பெயர் தரும் பாதுகாப்பும் உறுதியானதன்று. பெயர் பெற்ற ஓவியராகவே ஜப்பானுக்கு அழைக்கப்பட்ட ஜங்கர் சிங் ஷியாம் 2001இல் அங்கேயே தனிமையில் உயிர்நீத்தார். கண்காட்சி நிகழ்ந்த அதே கைவினை அருங்காட்சியகத்தில் கங்கா தேவி தம் இறுதிக் காலத்தில் தீட்டிய கோபர் அறைச் சுவரோவியம், 2015இல் சீரமைப்புப் பணியின்போது அழிந்துபோயிற்று. மிதிலைச் சிற்றூரில் கோபர்ச் சுவரை வெள்ளையடித்தால் அடுத்த திருமணத்துக்கு வேறொரு பெண் அதன்மேல் வரைவாள். தில்லியின் சுவருக்கு அடுத்த திருமணம் இல்லை.