யாருடைய பசி உருவகம்?

வேதாகமத்தை எழுத்துப்படி கொள்வதா, குறியீடாகக் கொள்வதா என்னும் வினா குருமடத்து அறிஞர்க்கே உரியதென்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். கெலிஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலே மாதா சொரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும் பெண்ணுக்கும் அவ்வினாவில் பங்குண்டு. திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'மரியாளும் மனித விடுதலையும்' என்னும் நூலை நாம் மதிப்பது இதனாலேயே.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மரியாளின் பாடலொன்று வருகிறது. வல்லவர் ஆசனமிழப்பதையும், பசித்தவர் நிறைவுறுவதையும், செல்வர் வெறுங்கையராய்த் திரும்புவதையும் அது பாடுகிறது. பிரசங்க மேடையில் இப்பசி பெரும்பாலும் ஆன்மப் பசியாகிவிடும். ஆதியாகமத்துக் கனிக்கோ அவ்வளவு எளிதில் உருவகப் பொருள் கிடைப்பதில்லை. ஆதாம் ஒரு தனி மனிதன், அவன் பாவம் உண்மையில் நிகழ்ந்தது, அது வழிவழியாக நம்மைப் பற்றுகிறது என்று பாப்பரசர் 12ஆம் பயஸ் 1950இலும் வலியுறுத்தினார். பசியை உருவகமாக்கி, குற்றத்தை மட்டும் சரித்திரமாக்கினால் கொழுந்து பறிப்பவளுக்கு மிஞ்சுவது என்ன?

அடிகளார் ஜென்மப் பாவக் கொள்கையின் மரபான வடிவத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். மரியாளைப் பணிவின் பதுமையாக அன்றி, உழைப்பாளர் குலத்துத் துணிவுள்ள பெண்ணாகக் கண்டார். 1997 ஜனவரியில் உரோமாபுரி அவரைச் சபையிலிருந்து விலக்கியது. மறு ஜனவரியில் அவ்விலக்கம் நீங்கிற்று. எழுபது வயது கடந்த ஒரு குருவின் சிறு நூலுக்கு இத்தனை ஆரவாரம்!

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மனிதனைச் சிறுமைப்படுத்தும் போதனை இறைவனிடமிருந்து வந்திராது என்பது அவரது உரைகல். உயர்ந்த உரைகல்தான், ஆனால், ஒரு வசனம் யாருக்காக, எந்நிலையில் எழுதப்பட்டதென்று அது சொல்லாது. நமக்கு உவந்ததை நேர்ப்பொருளிலும் உவவாததை உருவகமாகவும் கொண்டால் எதிரியும் அவ்வுரிமையைக் கேட்பான். மிஷனரிமார் புராணங்களை எழுத்துப்படி எடுத்து நகைத்த காலத்தில், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவதூஷண பரிகார'த்தில் அதே வேதாகமத்தின் சடங்குகளைக் காட்டி அவர்களை மடக்கினாரன்றோ?

யாத்திராகமத்தை விடுதலைக் கதையாக வாசிப்பதிலும் இந்த எச்சரிக்கை தேவை. 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்கள் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்க்கு அப்புறப்பாடு உருவகமாக இருக்கவில்லை. அக்கரையில் வாக்களிக்கப்பட்ட நாடென்று ஒன்றையும் அவர்கள் காணவில்லை.